நஞ்சு குறைந்த வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. எதிலிருந்து தொடங்குவது?

மூச்சிலும் ரத்தத்திலும் நேராகச் சேர்வதிலிருந்து தொடங்குங்கள். கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுவது, பீரோவில் அந்துருண்டை, படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள், கதவைச் சாத்திக்கொண்டு போடும் சாம்பிராணி, யார் வார்த்தது என்று தெரியாத இண்டாலியப் பாத்திரம். இந்த ஐந்தில் நான்கை நிறுத்தக் காசே செலவாகாது. மூங்கில் பல்துலக்கி, பூந்திக்கொட்டை, துணிப்பை எல்லாம் நல்லவைதான், ஆனால் அவற்றுக்கு அவசரம் இல்லை. பிள்ளை தூங்கும் அறையில் சுருள் புகைய விட்டுவிட்டு மூங்கில் பல்துலக்கி வாங்குவது வரிசை தப்பிய வேலை.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் அப்படி என்ன ஆகும்?

குளோரின் வாயு வரும். கடையில் ‘ஆசிட்’ என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறைக்கென்று வரும் கெட்டியான நீலத் திரவங்கள் பலவற்றிலும் அதே அமிலம்தான். பிளீச்சிங் பவுடரிலும் துணி வெளுக்கும் திரவத்திலும் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. இரண்டும் கலந்தால் நான்கடிக்கு நான்கடி கழிவறையில் சில நொடிகளிலேயே தொண்டை எரியும், இருமல் வரும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூடக் கூடலாம். முதலில் ஒன்று, அலசிவிட்டு மற்றொன்று என்று போடுபவர்களுக்கும் ஆபத்து உண்டு: குழிக்குள் தேங்கிய தண்ணீரில் முதல் மருந்து மிச்சம் இருக்கும். வாடை எழுந்தால் தண்ணீர் ஊற்றி அடக்கப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்துபோட்டு வெளியே வாருங்கள். வாடை முழுக்கப் போனபிறகுதான் உள்ளே போகவேண்டும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது பெரும்பாலும் அவர்தான்.

அப்படியானால் கழிவறை மஞ்சள் கறைக்கு என்ன செய்வது?

போர்த்தண்ணீர் உள்ள ஊர்களில் அந்த மஞ்சள் பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. அதைக் கரைக்க அமிலம்தான் வேண்டும், ஆனால் வீரியமான அமிலம் தேவையில்லை. மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும்.

ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு குழியில் நிற்கும் தண்ணீரைப் பழைய மக்கால் முகந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு நீர்த்துப்போகும். கறை மேல் நான்கைந்து மேசைக்கரண்டி தூவுங்கள். சரிவான இடத்தில் தூள் நிற்காது. அங்கே பழைய பருத்தித் துணியைக் கெட்டிக் கரைசலில் நனைத்து ஒட்டிவிடுங்கள். காலையில் துணியை எடுத்துவிட்டுத் தேய்த்து அலசுங்கள். பல வருடப் படிவாக இருந்தால் மூன்று நான்கு இரவு பிடிக்கும். ஒரே இரவில் போகவில்லை என்று ஆசிட்டுக்குத் திரும்புபவர்கள் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு இதையும் கலக்கக்கூடாது. எலுமிச்சை உப்பும் அமிலம்தான்.

குழாய்த் தலை, ஷவர் துளை அடைப்புக்கு ஒரு தம்ளர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்து அரைமணி நேரம் சுற்றி வைத்தால் போதும்.

வீடு துடைக்க, கழுவ மொத்தத்தில் என்னென்ன இருந்தால் போதும்?

நான்கு பொருள்: சாதாரணச் சோப்பு, சலவை சோடா, ஆப்பச் சோடா, எலுமிச்சை உப்பு. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

சலவை சோடா காரம், எண்ணெய்ப் பிசுக்கு அதற்குத்தான் அசையும். அடுப்புக்குப் பின்சுவர், எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டம் போன்றவற்றுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து அரைமணி ஊறவிட்டால், கத்தியால் சுரண்டவேண்டிய பிசுக்கு துணியோடு வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் மட்டும் படக்கூடாது, கறுத்து அரித்துவிடும். ஆப்பச் சோடா அதன் சாதுவான தங்கை: டீக்கறை படிந்த கோப்பை, ஃபிரிட்ஜ் வாடை இவற்றுக்கு அதுவே போதும்.

இணையத்தில் பரவும் ஒரு குறிப்பு: வினிகரையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்று. நுரை பொங்குவதால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் தெரியும். நடப்பது என்னவென்றால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே வேலை செய்யும்.

அமிலம் எதுவானாலும் மார்பிள், மொசைக், கடப்பா, சிமெண்ட் தரை, ஆத்தங்குடி ஓடு இவற்றில் படக்கூடாது. எல்லாவற்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, அமிலம் அதைத் தின்றுவிடும். கடப்பா மேடையில் புளிக்கரைசல் சிந்திய இடம் வெளுத்துப்போவது இதனால்தான். இந்தத் தரைகளுக்கு சோப்புத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பயோ என்சைம் செய்யலாமா? கிருமியைக் கொல்லுமா?

செய்யலாம், கிருமிநாசினி என்று நம்பவேண்டாம். கணக்கு எளிது: வெல்லம் 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், 1 லிட்டர் தண்ணீர் போட்டால் 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் சரியாக இருக்கும், மேலே வாயுவுக்கு இடம் வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடாவிட்டால் வெடித்துவிடும். வெள்ளைப் படலம் பிடித்தால் கவலை இல்லை. கறுப்பாகவோ பச்சையாகவோ பூத்து நாறினால் கொட்டிவிடுங்கள். 90 நாள் கழித்து வடிகட்டி, அரை வாளித் தண்ணீருக்கு 50 மில்லி.

‘என்சைம்’ என்று பெயர் பெரிதாக இருந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு வினிகர்தான். புளித்த கரிம அமிலம் என்பதால் உப்புக்கறையை லேசாக எடுக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளவர் வீட்டில் தரை துடைக்க இது உதவாது. ஜூஸ் கடை பக்கத்தில் இருந்து தோல் சும்மா கிடைத்தால் செய்யுங்கள். இதற்கென்று வெல்லமும் பழமும் வாங்கி மூன்று மாதம் காத்திருப்பதைவிடத் தோலை உரக்குழியில் போடுவது மேல்.

பூந்திக்கொட்டையில் துணி துவைத்தால் அழுக்கு போகுமா?

எந்தத் துணி என்பதைப் பொறுத்தது. பட்டு, கம்பளி, சாயம் போகக்கூடிய கைத்தறிச் சேலை இவற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. பள்ளிக்கூடச் சட்டைக் காலர், சமையலறைத் துணி, வெள்ளை வேட்டி மூன்றிலும் ஏமாற்றும். வெள்ளையில் லேசான பழுப்பு ஏறும்.

விதை நீக்கிய தோலாக வாங்குங்கள். விதையில் நுரை இல்லை, ஆனால் எடை உண்டு, அதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். ஒரு வாளித் துணிக்கு 15 தோலை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டவேண்டும். வடிகட்டாவிட்டால் துணுக்குகள் துணியில் கறை வைக்கும். வடித்த நீர் வெளியில் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும். இன்னொன்று: இதிலுள்ள சபோனின் மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டியிலோ தாமரைத் தொட்டியிலோ இந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். செடிக்குப் பாதகமில்லை.

வழக்கமான சோப்புத்தூளையே போடுபவர்கள் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். பல வீடுகளில் வித்தியாசமே தெரியாது. அலச ஒரு வாளித் தண்ணீர் மிச்சமாகும்.

கொசுவர்த்தி வேண்டாம் என்றால் கொசுவை என்ன செய்வது?

சுருள் ஏன் வேண்டாம் என்பதற்கு ஓர் அளவு: ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ‘மூலிகைச் சுருள்’ என்று போட்டிருந்தாலும் எரிவது மரத்தூள்தான், புகை புகைதான். வேப்பிலை மூட்டம் போடுவதும் அறைக்குள் என்றால் அதே கதை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்கிற கணக்கு. வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்பத் தண்ணீர் நிரப்பினால் பொரியும். ஆகவே தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். தவறவிடும் இடங்கள்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, மணிபிளாண்ட் பாட்டில், பயன்படுத்தாத கழிவறை. கொட்டமுடியாத தொட்டிக்கு மூடியும் வலையும் போடலாம், அல்லது பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் போடலாம். அது கொசுப்புழுவைத்தான் கொல்லும், மீனையோ மனிதரையோ ஒன்றும் செய்யாது.

ஏடிஸ் பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பது பார்க்க அழகாக இருக்கும், கொசு போகாது.

கரப்பான், எலிக்கு?

கரப்பான் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். எழுதுகிற சாக்குபோல இருப்பதால் பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பூச்சிமருந்து. ராத்திரி பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்துக் காயவைப்பதும் குப்பைக்கூடையை மூடுவதும் பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்கு போரிக் பவுடர் 1 பங்கு, சர்க்கரை 1 பங்கு, கோதுமை மாவு 2 பங்கு பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, கை எட்டாத சந்துகளில் வையுங்கள். ஓரிரு வாரம் ஆகும். போரிக் பவுடரும் தின்றால் நஞ்சுதான். தவழும் குழந்தை, நாய், பூனை உள்ள வீட்டில் துளையிட்ட மூடிபோட்ட டப்பாவுக்குள் வைத்தால்தான் சரி.

எலிக்குப் பொறி. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைச் செயலிழக்க வைக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாத பொருள்.

அந்துருண்டையைத் தாத்தா காலத்திலிருந்து போடுகிறோமே?

அதில் இருப்பது நாப்தலின் அல்லது டைகுளோரோபென்சீன். இரண்டையும் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய சாத்தியமுள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதைவிட உடனடியான ஆபத்து பச்சிளங்குழந்தைக்கு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, அந்துருண்டை வாடை ஏறிய துணியைச் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். வளைகாப்புக்கு முன்பே மடித்து வைத்த பழைய பருத்தித் துணிகளைத்தான் பிறந்த குழந்தைக்குச் சுற்றுவது வழக்கம், அவை இருந்த பெட்டியில் உருண்டை இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் துவைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, வாடை துளியும் இல்லாதபோது எடுக்கலாம். கொஞ்சமாவது மணந்தால் வேறு துணி.

பூச்சி வருவது ஈரத்தாலும் வியர்வை அழுக்காலும். நன்றாகத் துவைத்து மொறுமொறுப்பாகக் காயவைத்த துணியில் அது தங்காது. வசம்பைத் தட்டிச் சிறு துணிமூட்டையாகக் கட்டி அடுக்குகளுக்கு நடுவே வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பட்டுச் சேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் விரித்து மடிப்பை மாற்றி வைத்தால் சரிகையும் முறியாது.

நான்ஸ்டிக்கைத் தூக்கிப் போடவேண்டுமா? இரும்புக் கல்லில் தோசை ஒட்டிக்கொள்கிறதே?

நான்ஸ்டிக் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்து மறந்துவிட்டால் சில நிமிடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகைக்கு மூடிய வீட்டில் வளர்க்கும் லவ்பேர்ட்ஸ் செத்துவிழும். தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019-ல் தடைப்பட்டியலில் சேர்த்தது. இருப்பதை உடனே எறியவேண்டாம். காலியாகச் சூடாக்காமல், சிறுதீயில், மரக்கரண்டியால் பயன்படுத்தி, பூச்சு உரிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி இரும்புக் கல். ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழக்குவதில் அவசரம். புதுக் கல்லில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயோ மெழுகோ இருக்கும். வெந்நீரில் சீயக்காய்த்தூள் போட்டு நாரால் இரண்டு மூன்று தடவை தேயுங்கள். பிறகு வடிகஞ்சியை ஊற்றி ஒரு நாள் வையுங்கள், மீதிப் பிசுக்கும் கறுப்பும் அதில் வரும். கழுவியதும் தண்ணீர் துளியும் இல்லாமல் அடுப்பில் காயவையுங்கள். காற்றில் காயவிட்டால் பத்து நிமிடத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

அடுத்ததுதான் முக்கியம். கால் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் துணியால் தடவி, பிறகு எண்ணெயே இல்லாததுபோல் தெரியும்வரை வேறு துணியால் துடைத்துவிடுங்கள். லேசாகப் புகைவரும்வரை சூடாக்கி, ஆறவிடுங்கள். இப்படி ஐந்து தடவை. எண்ணெய் சூட்டில் கெட்டிப்பட்டு மெல்லிய படலமாகிறது, அந்தப் படலத்தில்தான் தோசை ஒட்டாமல் வரும். எண்ணெயை அதிகம் ஊற்றினால் படலமாகாமல் பிசுபிசுவென்று நிற்கும். அப்படி ஆனால் கல்லுப்பு போட்டுச் சூட்டோடு தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதல் நாலைந்து தோசை எப்படியும் பிய்யும். நெய் ரோஸ்ட்டில் ஆரம்பிக்காமல், கனமான ஊத்தப்பம் அல்லது அடை ஊற்றுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் முன் அரிந்த வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் இல்லாத வெறுஞ்சூடு படலத்தை எரித்துவிடும். ‘தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே’ என்று வீட்டுப் பெரியவர்கள் சத்தம்போடுவது சரியான காரணத்துக்குத்தான். சோப்பு போட்டு ஊறவைக்காதீர்கள், வெந்நீரும் நாரும் போதும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கறுக்கும், உலோகச் சுவை ஏறும். கெடுதல் இல்லை, ஆனால் இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

அலுமினியம், ஈயச்சொம்பு, பித்தளை, செம்பு: எதில் சமைக்கலாம்?

அலுமினியத்தில் சோறு, பால், இட்லி ஆவி பரவாயில்லை. புளி, தக்காளி, மோர் வேண்டாம், அமிலம் உலோகத்தைக் கரைக்கும். இண்டாலியத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்துத் துறை 2025-ல் எச்சரித்தது. தரமுத்திரை இல்லாத வார்ப்புப் பாத்திரத்தை எவர்சில்வராக மாற்றிக்கொள்வது இந்தப் பக்கத்தில் உள்ள செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது.

ஈயச்சொம்பு ரசம் பற்றி எல்லோரும் கேட்பதால் சற்று விளக்கமாக. சொம்பு செய்யவேண்டியது வெள்ளீயத்தில். அது நஞ்சல்ல. காரீயம் நஞ்சு, குறிப்பாகப் பிள்ளைகளின் மூளைக்கு. இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில்போலச் சாம்பல் கோடு போடும், வெள்ளீயம் ஏறக்குறைய போடாது. ஆனால் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. யார் செய்தது என்று தெரிந்த, சோதனைச் சான்று காட்டும் இடத்தில் வாங்கியதாக இருந்தால் சமையுங்கள். இல்லாவிட்டால் அதை அலமாரியில் வைத்துவிட்டு எவர்சில்வரில் ரசம் வைப்பது நல்லது. வாசனைக்காகப் பிள்ளைக்குத் தினமும் சந்தேகத்தை ஊற்றவேண்டியதில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அதனால் காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக்கூடாது, திரவம் ஊற்றிய பிறகே வைக்கவேண்டும்.

பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசவேண்டும். பூசுபவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு, அவர் எடுக்கும் கட்டியைப் பாருங்கள். பற்றவைக்கும் கம்பியில் காரீயம் இருக்கும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் பூச்சு தேய்ந்துவிட்டது, திரும்பப் பூசும்வரை புளிப்பு எதுவும் வைக்காதீர்கள். செம்புக் குடத்தில் வெறும் தண்ணீர் மட்டும். எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றினால் செம்பு அதிகம் கரைந்து குமட்டும், வாந்தி வரும். துலக்கப் புளி போதும், துலக்கியபின் நன்றாக அலசுங்கள்.

ஓட்டல் சாம்பார், டீ பார்சல்?

கொதிக்கும் சாம்பாரை நெகிழிப்பையில் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடையும் இருக்கிறது. தூக்குவாளியோடு போனால் எந்தக் கடையும் ஊற்றித் தரும். காகிதக் கோப்பை நல்லது என்று நினைப்பவர்களுக்கு: உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு. 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. 2020-ல் கண்டது. பஜ்ஜி, வடையைச் செய்தித்தாளில் பிழிவது அச்சு மையைத் தின்பது. வாழையிலை இல்லாவிட்டால் மந்தார இலை கேளுங்கள்.

மஞ்சள்தூளில் கலப்படம் என்கிறார்களே?

பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் சேர்ப்பது நடந்திருக்கிறது. முழு மஞ்சள் வாங்கினால் தப்பித்தோம் என்று இருக்கமுடியாது, மெருகேற்றும்போது மேலே பூசுவதும் உண்டு. மெருகேற்றாத, மங்கலான, சொரசொரப்பான விரலி மஞ்சளைக் கழுவி வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது நம்பகமான வழி. ஒரு வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு கிலோ தாராளம்.

கைக்குழந்தைக்கு எதை மாற்றுவது?

முதலில் சாம்பிராணி. தலைக்குளித்த குழந்தையைக் கரிநெருப்புப் புகையில் காட்டுவது சளியை ஓட்டாது, நுரையீரலுக்குத்தான் போகும். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தாலே முடி காயும்.

உரைமருந்தில் வசம்பைத் தவிருங்கள். துணிப்பெட்டியில் பூச்சியை விரட்டும் அதே வேர்தான் இது. அதிலுள்ள அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. வேப்பெண்ணெய் புகட்டுவது அதைவிட ஆபத்து. மலேசியாவில் சளிக்கும் இருமலுக்கும் அதைக் குடித்த குழந்தைகள் மூளை வீக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்த பதிவுகள் இருக்கின்றன. கற்பூரம் விழுங்கினால் வலிப்பு வரும், துணியில் முடிந்து கழுத்தில் கட்டாதீர்கள். மை வைக்கவேண்டுமென்றால் கன்னத்திலோ உள்ளங்காலிலோ, கண்ணுக்குள் வேண்டாம். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கும் ‘நஞ்சில்லை’ என்பதற்கும் சம்பந்தமில்லை.

பால் புகட்ட வேண்டியிருந்தால் எவர்சில்வர் பாலாடை. ஒரே ஒரு துண்டு, ரப்பரோ திருகோ இல்லை, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் சுத்தம்.

டயப்பருக்குப் பதில் பழைய வேட்டியை நான்காக மடித்த லங்கோடு பகலில் போதும். ஒரு நாளைக்கு இருபது வேண்டும். மலத்தை உடனே தண்ணீரில் அலசி, வெந்நீரில் கொஞ்சம் சோப்போடு துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். சோப்பு தங்கினால்தான் தோல் சிவக்கும். துணி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், ஈரத்தை உறிஞ்சாது. ராத்திரிக்கும் பயணத்துக்கும் கடை டயப்பர் போட்டால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. தூக்கமில்லாத தாய்க்கு அதுவும் ஒரு மருந்து.

மாதவிடாய்த் துணி, கப்?

துணியை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துவிடும். பிறகு சோப்பு, பிறகு நேர் வெயில். யாரும் பார்க்கக்கூடாதென்று கட்டிலுக்கடியில் ஈரத்தோடு காயப்போடுவதில்தான் தொற்று வருகிறது, துணியால் அல்ல. கப் மருத்துவத்தர சிலிகானாக இருக்கட்டும். ஒவ்வொரு சுழற்சிக்கும் முன் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்கவும், 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கவேண்டாம்.

ஆர்.ஓ. தேவையா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ்.-ஐப் பாருங்கள், மீட்டர் விலை சில நூறு ரூபாய். 500-க்குக் கீழே இருந்தால் உப்பு நீக்க ஆர்.ஓ. வேண்டியதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்ன வரம்பும் அதுதான். கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும். கட்டாயம் வேண்டிய ஊர்களில் வீணாகும் தண்ணீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் பிடித்து வையுங்கள். செடிக்கு வேண்டாம், உப்பு மண்ணில் சேரும்.

பழைய வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம்.

வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த கதவு, சன்னல் எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சையில், நிறைய இருந்திருக்கலாம். ஆகவே உலர உப்புத்தாள் போடவிடாதீர்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே விரிப்பு போட்டு, அன்றன்றைக்கே ஈரத்துணியால் துடைக்கவேண்டும், துடைப்பம் தூசியைக் கிளப்பும். கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைகளும் அந்த வாரம் வேறு வீட்டில் இருக்கட்டும்.

சமையலறைக் கழிவை உரமாக்கினால் நாறுகிறது.

ஈரம் அதிகம். ஒரு கை காய்கறிக் கழிவுக்கு ஒரு கை உலர்ந்தது வேண்டும்: தென்னைநார்க் கழிவு, சருகு, கிழித்த அட்டை. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட பழைய வாளி போதும். முதலில் ஒரு கை பழைய தொழுவுரமும் ஒரு தம்ளர் புளித்த மோரும் ஊற்றுங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கொழுத்த புழு நெளிந்தால் அது கெட்ட அறிகுறி அல்ல, வேலை வேகமாக நடக்கிறது. மீன் முள்ளும் எண்ணெய்ச் சோறும் போடாவிட்டால் இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும்.

குழந்தை இவற்றில் எதையாவது குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். ஆசிட்டும் சலவை சோடாவும் இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது மறுபடி சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வாயைக் கழுவி, 108-ஐ அழைத்து, குடித்த பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டில் செய்த கரைசல்களைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காமல், பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, மேல் தட்டில் வைத்திருங்கள்.